மணிக்கணக்கில் குழந்தைக் காப்பகம்: தேவை இருக்கிறது, தொழில் நிற்குமா?

திருப்பூரில் வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுக்கும் பெண்ணுக்கு எந்த நாளில் கட்டு வரும், எந்த நாளில் வராது என்று முன்கூட்டித் தெரியாது. தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு. ஐ.டி. நிறுவனத்தில் இருப்பவர் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போகிறார், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறவருக்குத் தையிலும் ஆவணியிலும் மூச்சுவிட நேரமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் வேலையே இல்லை. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் இளம் தாய்க்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும். இவர்கள் எல்லோரும் பிள்ளையை யாரிடமாவது விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் நம் ஊர் டே கேர்களில் இவர்கள் அத்தனை பேருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றே: முன்பணம் கட்டுங்கள், மாதம் முழுவதற்கும் கட்டணம் கட்டுங்கள், பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

விட்டுச் சென்ற மணி நேரத்துக்கு மட்டும் காசு வாங்கும் காப்பகம் என்ற யோசனை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. சிறுதொழில் தேடும் பெண்களுக்கு இது எளிதான ஒன்றாகவும் தெரிகிறது. ஓர் அறை, இரண்டு ஆயா, பாய், தொட்டில், சில விளையாட்டுச் சாமான்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். வாடிக்கையாளர் அதே தெருவில் இருக்கிறார். தேவை இருப்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் ஐயமெல்லாம் அந்தத் தேவை ஒரு தொழிலைத் தாங்குமா என்பதில்தான். முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: மணிக்கணக்கை மட்டும் நம்பித் திறக்கும் காப்பகம் நிலைப்பது மிகக் கடினம். மாதக் கட்டணக் குழந்தைகளை அடித்தளமாக வைத்து, மீதி இடங்களை மணிக்கணக்கில் கொடுப்பது நிற்கும். அப்படி நிற்பதும் வசதி ஓரளவு உள்ள குடும்பங்களுக்குத்தான் உதவும். கூலிப் பெண்ணுக்கு உதவ வேண்டுமானால் பொதுப்பணம் வந்தாக வேண்டும்.

காப்பகங்களைப் பற்றி நம் சட்டங்கள் பேசாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கச் சொன்னது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் காப்பகம் கேட்டது. இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுத்தான் மலையேறினார்கள். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஐந்து சிறு பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தச் சொன்னது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது விடுப்பு 26 வாரமானது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்துதர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்ற விதியும் சேர்ந்தது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஐம்பதுதான் வரம்பு.

இந்தச் சட்டங்கள் எல்லாமே ஒரே விதமான பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவள் ஒரே இடத்தில், ஒரே முதலாளியிடம், மற்ற பெண்களோடு கூட்டமாக வேலை செய்பவள். எட்டுத் தையல் இயந்திரம் போட்டிருக்கும் பட்டறையும், மூன்று பேர் இருக்கும் அழகு நிலையமும், தெருமுனைத் துணிக்கடையும் ஐம்பது என்ற எண்ணை ஒருநாளும் எட்டப் போவதில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவளை இச்சட்டங்களின் காப்பக விதிகள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அரசு நேரடியாக நடத்துவது அங்கன்வாடி. நம் மக்கள் வாயில் அது இன்னும் பால்வாடிதான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. சோறு, முட்டை, எடை பார்ப்பது, பாட்டு, கதை என்று அது செய்யும் வேலை பெரியது. ஆனால் கைக்குழந்தையை நாள் முழுவதும் விட்டுச் செல்லும் இடமாக அது அமைக்கப்படவில்லை. பிற்பகலில் மையம் மூடிவிடும். பனியன் கம்பெனி மூடாது. இந்தக் குறையை உணர்ந்துதான் மைய அரசு 2022-இல் பால்னா திட்டத்தின்கீழ் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்தோடு சேர்த்து நடத்தத் திட்டமிட்டது. கர்நாடகம் ஊராட்சிகளில் கூசின மனெ என்ற பெயரில் காப்பகங்கள் திறந்தது. தொண்டு நிறுவனங்கள் இதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியவை. தில்லியில் கட்டுமான இடத்தில் புழுதிக்குள் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் 1969-இல் மொபைல் கிரெஷஸ் அமைப்பைத் தொடங்கினார். அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் சங்கினி என்ற கூட்டுறவு அமைத்துக் காப்பகங்களைத் தாங்களே நடத்துகிறார்கள்.

பாட்டி பார்த்துக்கொள்வாள் என்ற பதில் தமிழ்நாட்டில் இன்னும் பெருமளவு செல்லுபடியாகிறது. ஆனால் அந்தப் பாட்டிக்கு நாற்பத்தெட்டு வயதுதான் ஆகிறது, அவளும் வேலைக்குப் போகிறாள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்கு ஏற்றிச் செல்லப் பேருந்து வந்துவிட்டது. பிள்ளைக்கான ஏற்பாடு இன்னும் அவரவர் பாடு. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 76 நிமிடம். சமையல், துவையல், பெருக்கல் ஆகியவை தனி; அதில் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. இந்த நிமிடங்கள் சேர்ந்தாற்போல் வருவதில்லை என்பதுதான் இவற்றைவிடப் பெரிய சிக்கல். பத்து நிமிடம் தைத்தால் பிள்ளை எழுந்துவிடுகிறது. மணிக்கணக்குக் காப்பகம் தாய்க்குக் கொடுப்பது கூடுதல் நேரம் என்பதைவிட, உடையாத மூன்று மணி நேரம் என்று சொல்வது சரி. மூன்று மணி நேரம் தடையில்லாமல் இயந்திரத்தில் உட்காரும் பெண் முடிக்கும் வேலையை, துண்டு துண்டாகக் கிடைக்கும் ஆறு மணி நேரத்தில் முடிக்க முடியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். பின்வரும் எண்கள் எந்த ஒரு காப்பகத்தின் கணக்கும் அல்ல. கோயம்புத்தூர் போன்ற நகரத்தில் நடுத்தரக் குடியிருப்பு ஒன்றைக் கருதி நான் வைத்துக்கொண்டவை. தரைத்தளத்தில் அறுநூறு சதுர அடி இடம், வாடகை 18,000 ரூபாய். பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவருக்கு 16,000, ஆயா இருவருக்கு 24,000. மின்சாரம், தண்ணீர், துப்புரவு, சாமான் தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்த்து 10,000. மொத்தம் 68,000. ஒரே நேரத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள். அப்படியானால் விற்பதற்கு 3,120 பிள்ளை-மணிகள் இருக்கின்றன. அத்தனையும் விற்றுவிட்டால் ஒரு மணிக்கு 22 ரூபாய் வாங்கினாலே செலவு தேறிவிடும். தொடங்க நினைக்கிறவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது.

நடப்பில் அத்தனை மணியும் விற்காது. எல்லாத் தாய்மாரும் கேட்பது காலை பத்து முதல் ஒன்று வரை. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அறை காலியாகக் கிடக்கும். மழை பெய்தால் வர மாட்டார்கள். பிள்ளைக்குச் சளி என்றால் வர மாட்டார்கள், வரவும் கூடாது. மாமியார் ஊரிலிருந்து வந்தால் பத்து நாள் வர மாட்டார்கள். காலையில் பதின்மூன்றாவது பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, பிற்பகலில் இரண்டு பிள்ளைகளுக்காக மூன்று பேர் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கும் நிலைதான் இந்தத் தொழிலின் அன்றாடம். ஆக நூற்றுக்கு நாற்பது மணிதான் விற்றது என்றால், 1,248 மணி. இப்போது செலவைத் தேற்றவே மணிக்கு 55 ரூபாய் ஆகிறது. நடத்துகிறவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. எழுபது விழுக்காடு விற்றால் 32 ரூபாய் போதும். ஆனால் வந்தால் வரலாம், வராவிட்டால் விடலாம் என்ற ஏற்பாட்டில் எழுபதை எட்டுவது அரிது. வாடிக்கையாளரை இழுக்கும் அந்தச் சுதந்திரமே கடைக்காரரின் நட்டமாகவும் ஆகிறது.

இதே அறையை வேறு விதமாக நடத்திப் பார்க்கலாம். ஏழு இடங்களை மாதம் 6,000 ரூபாய்க்கு நிரந்தரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் 42,000 உறுதியாக வருகிறது. மீதி 26,000 ரூபாயை ஐந்து இடங்கள் தேடித் தர வேண்டும். ஐந்து இடத்துக்கு மாதம் 1,300 மணி. அதில் நாற்பது விழுக்காடு, அதாவது 520 மணி விற்றால், மணிக்கு 50 ரூபாயில் கணக்கு நேராகிறது. அதற்கு மேல் விற்பது லாபம். தாயின் பக்கமிருந்து பார்த்தாலும் இது நியாயமானது. மாதத்தில் பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் விடுகிறவர் 1,800 ரூபாய் கட்டுகிறார். முழு மாதக் கட்டணத்தில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இடம் காலியாக இருந்தால் மட்டுமே அவருக்குக் கிடைக்கும் என்பதுதான் அவர் ஏற்க வேண்டிய குறை.

இந்த அமைப்பிலும் சில நடைமுறைக் கட்டுப்பாடுகள் இல்லாமல் முடியாது. குறைந்தது இரண்டு மணி நேரம். முதல் நாள் மாலைக்குள் முன்பதிவு. மணிகளை முன்கூட்டிப் பத்தாக, இருபதாக வாங்கி வைத்துக்கொள்வது. பதிவு செய்துவிட்டு வராதவருக்கு ஒரு மணி கழிப்பது. தொடக்கத்தில் முகம் பார்த்து இவற்றைத் தளர்த்துகிறவர்கள் ஆறு மாதத்தில் களைத்துப்போகிறார்கள். அக்கம்பக்கத்தாரிடம் கறாராக இருப்பது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் விதிகளைச் சுவரில் எழுதி வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் பாதி தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் மணிக்கணக்குக் காப்பகங்களைச் சங்கிலித் தொடராகவே நடத்துகிறார்கள். கலிபோர்னியாவில் தோன்றிய கிட்ஸ்பார்க் அவற்றில் ஒன்று. மாலையிலும் வார இறுதியிலும் திறந்திருக்கும். அது இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் சேர்க்கிறது. இந்த வயது வரம்பில் ஒரு தொழில் பாடம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு ஆள் அதிகம் வேண்டும். இங்கிலாந்தின் விதியில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒருவர். மணிக்கணக்குக் கட்டணம் மூன்றுக்கு ஒருவர் என்ற செலவைத் தாங்காது.

நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது பிரான்சை. ஹால்ட்-கார்டெரி என்ற பெயரில், சில மணி நேரம் மட்டும் பிள்ளையை விட்டுச் செல்லும் இடங்கள் அங்கே நெடுங்காலமாக உண்டு. 2002-இல் கொண்டுவந்த நிதி முறையில் பெற்றோர் மணிக்கணக்கில் கட்டுகிறார்கள். அந்த மணிக்கட்டணம் குடும்ப வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஒட்டி மாறும். மீதிச் செலவில் பெரும்பகுதியைக் குடும்பநல நிதியமும் நகராட்சியும் ஏற்கின்றன. ஏழைத் தாயும் வசதியான தாயும் ஒரே அறையில் பிள்ளையை விட முடிகிறது. கேட்பதற்கே நிறைவாக இருக்கும் ஏற்பாடு. ஆனால் 2014-க்குப் பிறகு, கட்டணம் வாங்கிய மணியும் பிள்ளை உண்மையில் இருந்த மணியும் ஒத்துப்போக வேண்டும் என்ற நெருக்கடி கூடியது. காப்பகங்கள் நிமிடக் கணக்கு எழுதத் தொடங்கின. காலி மணியை நிரப்புவதே நிர்வாகத்தின் முதல் வேலையானது. 2022-இல் லியோன் நகரத்தில் தனியார் காப்பகம் ஒன்றில் கைக்குழந்தை இறந்த பிறகு, அரசின் சமூகநல ஆய்வுத்துறை நாடெங்கும் காப்பகங்களை ஆராய்ந்து 2023-இல் அறிக்கை வெளியிட்டது. மணிக்கணக்கு நிதி முறை, இடத்தை எப்படியாவது நிரப்பும் போக்கை வளர்த்து பராமரிப்பின் தரத்தைக் கெடுக்கிறது என்பது அதன் கண்டனங்களில் ஒன்று.

ஜப்பானும் இந்தப் பாதைக்கு வந்திருக்கிறது. தாய் வேலைக்குப் போகிறாளா என்று கேட்காமல், காப்பகத்தில் சேராத, ஆறு மாதம் முதல் மூன்று வயது நிறையாத எந்தப் பிள்ளையையும் மாதத்துக்குப் பத்து மணி நேரம் வரை விட்டுச் செல்லலாம் என்று 2024-இல் சட்டம் இயற்றினார்கள். மணிக்குச் சுமார் 300 யென் கட்டணம், மீதி அரசு. வீட்டுக்குள் தனித்துக் கிடக்கும் தாய்க்கு மூச்சுவிட இடம் தருவது அதன் நோக்கம். பராமரிப்பாளர்கள் எழுப்பும் எதிர்ப்பில் பொருள் இருக்கிறது: மாதம் பத்து மணி நேரத்தில் ஒரு பிள்ளை எப்படிப் பழகும்?

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஏழெட்டு மாதத்தில் பிள்ளை வேற்று முகம் கண்டு அழத் தொடங்குகிறது. அது நோயுமல்ல, அடமுமல்ல. தன் ஆளை அடையாளம் கண்டுகொண்டதன் அறிகுறி. அந்த வயதில் ஒரு பிள்ளையைத் திங்கள்கிழமை ஒரு ஆயாவிடமும் வெள்ளிக்கிழமை இன்னொருத்தியிடமும் விட்டால், ஒவ்வொரு முறையும் அதற்கு முதல் நாள்தான். நேரம் தாயின் வசதிக்கு ஏற்ப வளையட்டும். முகம் மாறக் கூடாது. ஒன்றரை வயதுக்குட்பட்ட பிள்ளையை மணிக்கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பேன். அதற்கு மேற்பட்ட பிள்ளையானாலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது வர வேண்டும், முதல் வாரம் தாய் கூடவே உட்கார வேண்டும், எப்போது வந்தாலும் அதே ஆயா எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண மண்டபத்துக்கும் துணிக்கடைக்கும் போகும் வழியில் முன்பின் பார்க்காத பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் முறையை எந்தக் காப்பகமும் ஏற்கக் கூடாது.

அதே ஆயா இருக்க வேண்டுமானால் அவளுக்கு மாதச் சம்பளம் இருக்க வேண்டும். பிள்ளை வரும் நாளில் மட்டும் ஆயாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். வேலை நிச்சயமில்லாத ஒரு தாயின் கஷ்டத்தைத் தீர்க்க, அவளைவிட ஏழையான இன்னொரு பெண்ணின் வேலையை நிச்சயமில்லாததாக்குவது தீர்வாகாது. அப்படி வரும் ஆயா நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவாள். பிள்ளைக்கு மறுபடியும் புது முகம்.

பாதுகாப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துக் கூரையிலிருந்து பரவிய தீ 94 பிள்ளைகளைக் கொன்றது. தரைத்தளம், இரண்டு வாசல், பிள்ளைகள் இருக்கும் அறையில் அடுப்பே கூடாது என்பவை பேரத்துக்கு உரியவை அல்ல. காப்பகங்களுக்கான மைய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட இருபது பேருக்கு ஒருவர் என்று சொல்கிறது. நாள்தோறும் கூட்டம் மாறும் மணிக்கணக்குக் காப்பகத்துக்குப் பத்து மிக அதிகம். ஐந்தாறுக்கு ஒருவர் வேண்டும். வேலைக்கு வரும் ஒவ்வொருவரையும் காவல்துறைச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும். பிள்ளையை அழைத்துப்போக யார் வரலாம் என்பதைப் பெயரும் படமுமாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பராமரிப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தும் ஊழியருக்கு, இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வேலைக்குச் சேரும் நாளிலேயே இதைப் படித்துக்காட்டி விடலாம். உணவை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்வது நல்லது. அங்கேயே சமைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். கடனுக்கு முத்ரா இருக்கிறது. அதன் சிசுப் பிரிவில் ஐம்பதாயிரம் வரை கிடைக்கும்.

புதிதாக இடம் பிடிப்பதைவிட, ஏற்கெனவே ஆளும் அறையும் இருக்கிற இடத்தில் இதைச் சேர்ப்பது நல்லது. பெரும்பாலான பிளே ஸ்கூல்கள் மதியத்தோடு மூடிக்கொள்கின்றன. பிள்ளைகளுக்குப் பழகிய அறையும் ஆயாவும் அங்கே காத்திருக்கின்றன. பெரிய அடுக்ககங்களின் சங்கங்கள் பொதுக்கூடத்தை வாடகையில்லாமல் கொடுத்தால் மேற்சொன்ன கணக்கில் 18,000 ரூபாய் அப்படியே குறையும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சங்கினியைப் போல நடத்த முடியும்.

பிசிறு வெட்டும் பெண்ணுக்கோ இவை எதுவும் எட்டாது. ஆறு மணி நேரம் குனிந்து வேலை செய்து அவள் முந்நூறு ரூபாய் சம்பாதிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஐம்பது வீதம் காப்பகத்துக்கு அந்த முந்நூறும் போய்விடும். எந்தத் தொழில்திறமையும் இந்தக் கணக்கை மாற்றாது. பிரான்சும் ஜப்பானும் பொதுப்பணத்தை வைத்துத்தான் மணிக்கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருக்கின்றன. பிற்பகலில் பூட்டிக் கிடக்கும் பால்வாடிக் கட்டடங்களைச் சுயஉதவிக் குழுக்களிடம் மாலை ஏழு வரை ஒப்படைத்து, ஆயாக்களின் சம்பளத்தை அரசு ஏற்றால், தாய் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் போதும். மகளிருக்குப் பேருந்தையும் உரிமைத்தொகையையும் கொடுத்த அரசு இதையும் செய்ய வேண்டும். முதலில் திருப்பூரிலும் காலணித் தொழில் ஊரான ஆம்பூரிலும் செய்து பார்க்கட்டும்.

சொந்தமாகத் தொடங்க விரும்பும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். இடம் பார்ப்பதற்கு முன் உங்கள் பகுதியில் சிறு பிள்ளை இருக்கும் வீடுகளுக்குப் போங்கள். யாருக்கு எந்த நாள், எந்த மணி, எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதி வாருங்கள். மாதக் கட்டணம் கட்ட ஒப்புக்கொள்ளும் ஏழு குடும்பங்கள் சேரும்வரை வாடகை முன்பணம் கொடுக்காதீர்கள்.